பெவென் மரத்தோடு ஒரு பேரம்

லோங்கிமாய் சந்தையில் எர்மினியோவைப் பேரத்தில் ஜெயித்தவர் இல்லை என்று ஊர் சொல்லும். ஊருக்கு அப்படிச் சொல்லிவைத்ததே எர்மினியோதான். மச்சான் கலிஸ்தோவிடம் சினைக் குதிரையைக் கொடுத்து, மலைச்சரிவில் தோளுயரம் வளர்ந்திருந்த, கொட்டைக்குப் பேர்போன ஐந்து பெவென் மரங்களை வாங்கிய அன்றுகூட விசிலடித்துக்கொண்டுதான் வீடு திரும்பினான். காய்க்கிற மரத்தை எவன் கொடுப்பான்? காய்க்குமுன் மடக்குவதல்லவா சாமர்த்தியம்!

பெவெனில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு; காய்ப்பது பெண் மட்டும்தான். எது எதுவென்று வருஷக்கணக்கில் மூச்சுவிடாது. நீள்கழுத்து டைனோசர்கள் மேய்ந்த காலத்திலேயே இலையை ஈட்டியாக்கிக்கொண்டு பிழைத்த குடும்பம். மேய்ந்தவை கல்லாகிப் போயின. மரம் பச்சையாக நிற்கிறது. அந்தப் பழம்புள்ளியிடம் போய்த்தான் எர்மினியோ பேரம் படித்தான்.

பல வருஷம் கழித்து ஒருவழியாக மரங்கள் மொட்டுவிட்டன. அந்தத் தெம்பில், மகள் அயெலெனின் நிச்சயத்தன்று சம்பந்தி முன்னால் வாய்விட்டான்: "கல்யாணத்துல என் சொந்த மரத்துக் கொட்டையில ஊறவச்ச கள்ளுதான்!" கொட்டை முற்ற அடுத்த வருஷம் ஆகும் என்று கல்யாணத்தையும் தள்ளிப்போட்டான்.

மொட்டு விரிந்தது. பெண் மரத்தின் உருண்டைக் காய்களைத் தேடி அண்ணாந்தவன் மூக்கில் மஞ்சள் பொடி கொட்டியது. ஐந்தும் ஆண்.

"உங்க மரம் காய்க்கிறவரைக்கும் நான் இப்படியே நிக்கணுமாப்பா?" என்றாள் அயெலென்.

எர்மினியோ, காய்க்கிற பெண் மரங்களும் வைத்திருந்த கலிஸ்தோவின் வீட்டுக்கு ஓடினான்.

"மச்சான், இனிமே உன் மரம் காய்க்கிறதே என் மரத்துப் பொடியாலதான். பாதிப் பங்கு குடு."

"பொடியைக் கொண்டாந்தது காத்து. அதுகிட்டப் போய்ப் பேசு."

கொட்டிலில் பழைய குதிரையின் பேரன் பேத்திகள் கனைத்தன. எர்மினியோவுக்குச் சிரித்ததுபோல இருந்தது.

"சரி, கால் பங்கு?"

"பங்கெல்லாம் கிடையாது. மருமக கல்யாணத்துக்கு வேணுங்கிற கொட்டையை நானே தர்றேன். ஆனா கள்ளு ஊத்துறப்ப, அந்தக் குதிரைக் கதையை நீயே எல்லார் முன்னாலயும் சொல்லணும்."

"சம்பந்தி வெளிய போனப்புறம் சொல்றேனே."

"அவரு முன்னாலதான்."

"அப்ப ஒரே ஒரு தடவைதான்!"

"ஆகட்டும்."

இந்த மட்டும் அடித்து இறக்கினோமே என்று எர்மினியோ கைகுலுக்கினான்.

கல்யாணத்தில் சொன்னான். சிரித்த சிரிப்பில் சம்பந்திக்குப் புரையேறியது. "இன்னொரு தடவை சொல்லுங்க!" என்று கூட்டம் கத்தியது. எர்மினியோ நெஞ்சை நிமிர்த்தி மச்சானைப் பார்த்தான்.

"பேச்சு ஒரு தடவைக்குத்தான். இன்னொரு தடவைன்னா ஒரு குதிரைக்குட்டி ஆகும்."

"தந்தேன், சொல்லு!"

வியாபாரி விழித்துக்கொண்டான் என்று பூரித்துப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தான். எந்தக் குட்டி என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் கலிஸ்தோ ஓட்டிவந்த குட்டியும் ஆண்தான்.