காயாத மூட்டை

கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் நகக்கண்களில் இருந்த பச்சையை மகள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"விடும்மா. இருபது வருஷக் கறை. இன்னைக்கா போகப்போகுது?" என்றாள் அம்மா.

அசோலாக் கறை. வீட்டின் பின்னால் ஆறு தொட்டிகளில் அந்த நீர்ச்செடியை வளர்த்தார் அப்பா. வாரி, காயவைத்து, அரைத்து, மீன் தீவனத்தில் கலக்கத் தூளாகக் கொடுத்தார்.

வாசல் நாற்காலியில் மாமா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"மீனுக்குக் கீரை ஆக்கிப் போட்ட ஆளுங்க எங்க மச்சான். எங்கக்காவுக்கு ஒரு நாள் வெந்நி வச்சுக் குடுத்திருப்பாரா, கேளுங்க."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். முன்பு அப்பாவிடம் தூள் வாங்கிய மீன்குளத்துக்காரர் உள்ளே வந்தார்.

மகளின் கை நின்றது. மூன்று வருடமாக அவர் இந்தப் பக்கம் வந்ததில்லை.

காயவைத்த அசோலா கையில் நொறுங்க வேண்டும். அதற்கு முன் அரைக்கக் கூடாது, மூட்டை கட்டக் கூடாது. குவியலின் நடுவில் கைவிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன், அப்பா வெளியூர் போயிருந்த அன்று, அவள் மேலாகத் தொட்டுப் பார்த்தாள். தோழியின் கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது. அரைத்துக் கட்டி குளத்துக்காரருக்கு அனுப்பிவிட்டாள். தூள் பூஞ்சை பிடித்தது. இரண்டு வாரத்தில் குளம் முழுக்க மீன்கள் வயிறு தெரிய மிதந்தன.

மிச்சமிருந்த மூட்டையில் அப்பா கைவிட்டு முகர்ந்தார். அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு குளத்தங்கரையில், அத்தனை பேர் முன்னால், "நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். அவளிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவளும் சொல்லவில்லை. அதன்பின் அவரிடம் யாரும் தூள் வாங்கவில்லை.

குளத்துக்காரர் சற்று நேரம் கைகட்டி நின்றார். பிறகு அவளை ஜன்னலோரம் அழைத்தார்.

"அன்னைக்கு உங்கப்பாவைக் கேக்கக்கூடாததெல்லாம் கேட்டுட்டேன்மா. மனுஷன் தலையைக் குனிஞ்சே நின்னாரு."

"அண்ணே..."

"கடைசியா என்ன சொன்னாரு தெரியுமா? எம்பொண்ணு கட்டியிருந்தா இப்படி ஆயிருக்காதுன்னாரு."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தீவனம் விக்கிற விலைக்கு எனக்கும் தூள் வேணும். அடுத்த மாசத்துலேர்ந்து நீ அனுப்பு. ஆனா மூட்டை நீதான் கட்டணும்."

"இல்லண்ணே, அது வந்து..."

அவர் காத்திருந்தார். யாரும் குறுக்கிடவில்லை. மாமாகூடப் பேச்சை நிறுத்தியிருந்தார்.

"சரிண்ணே" என்றாள்.

அவர் போனதும் அம்மா கேட்டாள்.

"என்னடி சொன்னாரு?"

"மறுபடி தூள் கேக்குறாரு."

அம்மாவின் முகம் கோணி, அழுகை வந்தது.

"இதைக் கேக்கத்தானேடி உங்கப்பா இத்தனை நாள் காத்துக்கிட்டிருந்தாரு. போ, அப்பா காதுல சொல்லு. வண்டி வர்றதுக்குள்ள சொல்லு."

"அம்மா..."

"சொல்லுடி."

அவள் மண்டியிட்டு அப்பாவின் காதருகே குனிந்தாள். காது மடலில் சவரச் சோப்பு காய்ந்திருந்தது. உதடுகளை மட்டும் அசைத்தாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் அப்படியே குனிந்திருந்தாள்.