இரண்டாவது தலையணை

பத்து மணிக்கு வீடு பார்க்க வருகிறார்கள். எட்டுக்கெல்லாம் அவள் கட்டிலில் இரண்டாவது தலையணையைப் போட்டுவிட்டாள்.

யோசனை தரகருடையது. "பிரிஞ்சவங்க வீடுன்னு தெரிஞ்சா அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்கக்கா. ரெண்டு மணி நேரம் சார் வந்து உக்காந்துட்டுப் போகட்டும்."

ஏற்கெனவே மூன்று பேர் அப்படித்தான் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஓர் ஒற்றை அறை வீடு பார்த்திருந்தாள். கிழக்கே ஜன்னல். மாதக் கடைசி வரைதான் அவளுக்காக வைத்திருப்பார்கள். இது விற்றால்தான் அது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கணவனுக்குப் போன் செய்தாள்.

அவன் ஒரு பையோடு வந்தான். அவள் அதிலிருந்த சவர செட்டைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். சட்டையை விரித்துப் பார்த்தாள்.

"கசங்கினதா கொண்டு வரச் சொன்னேனே?"

"இது கசங்கினதுதான்."

"இதுவா? இஸ்திரி போடவெல்லாம் கத்துக்கிட்டீங்களாக்கும்."

இரண்டு கையாலும் கசக்கிக் கதவுக் கொக்கியில் மாட்டினாள்.

வந்தவர்கள் கணவன் மனைவி. கணவன் போனைப் பார்த்தான். மனைவிதான் வீட்டைப் பார்த்தாள். குழாயைத் திறந்தாள், ஜன்னலைச் சாத்தினாள், சுவரைத் தட்டினாள். திடீரென்று சோபாவில் பேப்பரும் கையுமாக இருந்தவனிடம் திரும்பினாள்.

"சார், மோட்டார் சுவிட்ச் எங்க இருக்கு?"

அவன் முழித்தான். பத்து வருடம் இருந்த வீடு. கை சமையலறைப் பக்கம் எழுந்தது. பிறகு குளியலறைப் பக்கம் நகர்ந்தது. அங்கேயே தொங்கியது.

தரகர் முகத்தில் ஈயாடவில்லை. காரியம் கெட்டது என்று நினைத்தாள் அவள்.

வந்தவள் சிரித்துவிட்டாள். கணவனை முழங்கையால் இடித்தாள். "பாத்தீங்களா, இங்கயும் இதே கதைதான்!" இவளிடம் சொன்னாள்: "இவரும் அப்படியேதான்க்கா. டேங்க் காஞ்சு கிடந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவாரு."

"வாங்க, நான் காட்டுறேன்." வந்தவளின் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனாள். இருவரும் அங்கேயே நின்று பேசினார்கள். திரும்பி வந்தபோது வந்தவள் கணவனிடம் சொன்னாள்: "எனக்குப் பிடிச்சிருக்கு. குடும்பம் இருக்கிற வீடு மாதிரி இருக்கு."

கேட்ட விலைக்குப் பக்கத்திலேயே முடிந்தது. தரகர் வாயெல்லாம் பல்லாகப் போனார்.

அவன் மட்டும் எழவில்லை. பேப்பரை மடித்தான். விரித்தான்.

"வீடு நல்லாத்தான் இருக்கு." பேப்பரை மறுபடி மடித்தான். "வித்தே ஆகணுமா?"

அவள் சவர செட்டைப் பையில் போட்டாள். சட்டையை உதறி, மடித்து வைத்தாள்.

"ஆகணும்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். "அந்த சுவிட்ச் எங்கதான் இருக்கு?"

"அது இனிமே அவங்க பாடு."

கதவைச் சாத்தினாள். பின்பக்கம் போய் மோட்டாரைப் போட்டாள்.