திரும்பும் தேதி

...ஆறுபடை வீட்டுக்கு ஆறு தடவை என்று சொல்லியிருக்கக் கூடாது, பன்னிரண்டு கைக்குப் பன்னிரண்டு தடவை என்று சொல்லியிருந்தால் இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருக்கலாம், என்று நல்லசிவத்துக்குத் தோன்றியபோது விமான நிலையத்துக்குப் போகும் ஆட்டோ மந்தைவெளியைத் தாண்டியிருந்தது. மடியில் பாஸ்போர்ட். கோலாலம்பூருக்குள் போன முத்திரை ஐந்து, வெளியே வந்த முத்திரை ஐந்து, விசா ஒன்றுகூடக் கிடையாது. முப்பது நாளைக்கு விசா வேண்டாம், சுற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று அவர்கள் சொன்னாலும் சொன்னார்கள், ஒரே வருஷத்தில் ஐந்து முறை சுற்றிப் பார்த்துவிட்டார். எதை? மகள் மதுவந்தியின் பதினேழாவது மாடிச் சமையலறையை. தி.நகர் ஜவுளிக்கடையில் முப்பத்தெட்டு வருஷம் பட்டுச்சேலை விற்ற வாய், ஒன்று கேட்டவளுக்கு நாற்பது விரிக்காமல் மூடாது... எதற்கு வந்தீர்கள் என்றுதானே முதல் தடவை அங்கே கவுன்டரில் இருந்த குடியேற்ற அதிகாரி கேட்டாள், தமிழ்ப் பெண், மகளைப் பார்க்க என்று முடித்திருக்கலாமே, பத்துமலை முருகனுக்கு ஆறு தடவை வருவதாக வேண்டுதல் என்று ஆரம்பித்து, இருநூற்று எழுபத்திரண்டு படியையும் முழங்காலிட்டே ஏறுவேன் என்று... சம்மணம் போட்டால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும் அவருக்கு. ஐந்தாம் தடவையும் அதே பெண்தான். தூக்கிய முத்திரை இறங்க அரை மணி நேரம் ஆனது, சரி, அரை நிமிஷம். "ஐயா, அடுத்த தடவை இப்படி விட முடியாது. சரியான காரணத்தோட வாங்க."

வெள்ளிக்கிழமை மதுவந்திக்குப் பிரசவத்துக்கு நாள் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளை நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்று வேலையில், அவளைப் பெற்றவள் போய் மூன்று வருஷம். நீண்ட நாள் தங்க அனுமதி கேட்டு மாப்பிள்ளை போட்ட மனு எந்த மேஜையில் தூங்குகிறதோ. இன்றைக்கு அந்தக் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பினால்... அவள் தனியாக, வலி வந்து, லிஃப்டுக்குள்... வேண்டாம், நினைக்காதே. அடையாறு பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. "இன்னா சார், மறுபடி மலேசியாவா? அங்க எதுனா சின்ன வீடு கீதா?" என்றான் ஸ்டாண்டு ஆட்டோக்கார பக்கிரி, கண்ணாடியில் பார்த்து. போன தடவை அவனிடம் ரப்பர் தோட்டம் வாங்குவதாகச் சொல்லி வைத்திருந்தார். இன்றைக்குப் பாஸ்போர்ட்டையே புரட்டிக்கொண்டிருந்தார். கதை விடாதீங்கப்பா, பிரசவத்துக்கு வந்தேன்னு உண்மையச் சொல்லிருங்க, போதும், என்று விடியற்காலையிலேயே மகள் போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். சரி, சொல்லிப் பார்ப்போம். என் மகளுக்குப் பிரசவம், பக்கத்துல யாரும் இல்ல... கடவுளே, இதென்ன சரிகையே இல்லாத சேலை மாதிரி, இதை யார் நம்புவார்கள்? பெட்டியைத் திறந்து காட்டினால்? பூண்டு லேகியம், குழந்தைக்குத் துணி மெத்தென்று இருக்க வேண்டுமென்று தன் பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்த பதினான்கு துண்டு... எந்தச் சுற்றுலாக்காரன் இதையெல்லாம் கொண்டுபோவான்? எத்தனை நாள் என்று கேட்பாள். இருபத்தெட்டு நாள், இதோ திரும்பும் டிக்கெட். அதிலாவது பொய்யில்லை.

கிண்டி வந்துவிட்டது. "திரும்ப இட்டாரவும் நானே வரேன் சார். எந்தத் தேதி?" என்றான் பக்கிரி. டிக்கெட் சட்டைப்பையிலேயே இருந்தது, தேதியும் மனப்பாடம், ஆனால் வாயைத் திறந்தபோது காலையில் பால் போடும் குப்பம்மா நினைவுக்கு வந்தாள். நாளையிலிருந்து பால் வேண்டாம் என்றதற்கு, திரும்ப எப்போலேர்ந்து சார் போடணும் என்று கேட்டாள் அவள். ஐந்து தடவையும் தேதி சொன்னவர், இந்தத் தடவை, சொல்றேன் என்று மட்டும் சொல்லிக் கதவைப் பூட்டியிருந்தார்... ஏன் அப்படிச் சொன்னோம்? அப்படியானால் இந்தத் திரும்பும் டிக்கெட்டும் கதைதானா?

"சார், தேதி?" என்றான் பக்கிரி மறுபடியும்.