முதல் "வேண்டாம்"

"அப்பாவுக்குப் பக்கவாதமாமே. பரீட்சையத் தள்ளி வைக்கட்டுமா, ஊருக்குப் போயிட்டு வர்றியா?" என்று கேட்டார் டச்சுப் பேராசிரியர்.

"வேணாம் சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றாள் வெனிங். அவளுடைய சொந்த ஊரான சோலோவில் தேநீரைக்கூட இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவது தடவைதான் வாங்குவார்கள். மறுபடி கேட்பார் என்று நின்றாள். மனுஷன் "நல்லது" என்று லேப்டாப்பை மூடிவிட்டார்.

அறைத்தோழி தியுர்மா அதே நாட்டின் மேடான் ஊர்க்காரி, அந்த ஊர் வழக்கப்படி மனதில் பட்டதைச் சொல்கிறவள். நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்டி, அவரென்ன உன் மாமனாரா, கெஞ்சிக் கெஞ்சிக் கேக்கறதுக்கு? போய், ஊருக்குப் போகணும்னு சொல்லு."

"வேணாம்னு சொல்லிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?"

இரண்டு நாள் கழித்துத் துணிந்து போனாள். பரீட்சை எழுதுகிறவர்களின் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி தன் கையில் எதுவும் இல்லை என்றார் அவர்.

சாயங்காலம் அம்மா போனில் பேசினாள். "நீ வரவேணாம் கண்ணு. அப்பாவ நாங்க பாத்துக்கறோம். நீ பரீட்சைய எழுது."

அது அம்மாவின் முதல் "வேண்டாம்" என்று வெனிங்குக்குத் தெரியும். அந்தப் பக்கம் அம்மா போனை வைக்காமல் காத்திருந்தாள்.

"சரிம்மா" என்றாள் வெனிங்.