‘மறுபிறவி’ என்றொரு கவுன்

1
உடை என்பது மனிதர் தம் உடல்மேல் எழுதிக்கொள்ளும் சுயசரிதை.

(இந்த வாக்கியம் கதாசிரியருடையதல்ல. மலர்விழியின் கடை திறப்பு நோட்டீசில் இருந்தது. அதற்குக் கீழே ‘சேலைக்கு ஓரம் அடித்துத் தரப்படும்’ என்றும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தபோதுதான் இந்தக் கதை பிறந்தது.)

2
காவிரி ஆர்ப்பரித்த அந்தப் பொன்காலையில், காலத்தின் கரையில் நின்ற மலர்விழி…

வேண்டாம். அன்று தண்ணீரே குறைவு.

பெங்களூரில் டிசைனர் வேலையை விட்டுவிட்டு அதியமான்கோட்டைக்குத் திரும்பியவள் மலர்விழி. வெள்ளிக்கிழமை கடை திறப்பு. கண்ணாடிக்குள் நிறுத்த அவளிடம் இருந்தது ஒரே ஒரு கவுன். பள்ளிக்கூடத்து நீலப் பாவாடை, முதல் சம்பளத்துச் சட்டை, நிச்சயதார்த்தப் பட்டு* எல்லாவற்றையும் வெட்டி ஒட்டித் தைத்தது. தன் பழைய வாழ்க்கையும் புது வாழ்க்கையும் அதற்குள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள், சாயம் போகுமா என்று கேட்டார்கள்.

* கல்யாணம் நின்றுபோனது. பட்டு நல்ல பட்டு.

3
போட்டோ எடுக்க அவளும் தோழி சசிகலாவும் ஒகேனக்கல் போனார்கள். கவுனின் பெயர் ‘மறுபிறவி’ ஆயிற்றே, அதனால் ஆற்றில் முக்கியெடுத்துப் பாறைமேல் விரித்தார்கள். காய்வதற்குள் பசித்தது. ஆற்றங்கரையில் மீன் வறுத்து விற்கும் சகாயமேரியின் கடையில் உட்கார்ந்தார்கள். அவள் மீனை மசாலாவில் ஊறப்போட்டுவிட்டுக் குடத்தோடு ஆற்றுக்குப் போய்வந்தாள். வறுத்தாள். தின்றுவிட்டுத் திரும்பினால் பாறை காலி.

[இங்கே மலர்விழி அழவேண்டும். முதல் பிரதியில் அழவும் செய்தாள். சசிகலா சிரித்துவிட்டதால் எடுபடவில்லை.]

4
“அக்கா, பாறை மேல ஒரு டிரெஸ் இருந்துச்சே, பாத்தீங்களா?”

“டிரெஸ்ஸா? பழந்துணிதானுங்களே கெடந்துச்சு. கைத்துணிக்கு ஆவும்னு நாலாக் கிழிச்சிட்டனுங்க.”

“அய்யோ! அது என் வாழ்க்கை, அக்கா!”

“முழுகுறவங்க பீடை போவட்டும்னு பழசை வுட்டுட்டுப் போறதுதானுங்களே? அதுல ஒட்டு வேற போட்டிருந்துச்சு. யாரோ ரொம்பக் கஷ்டப்பட்ட புள்ளையாட்டம் இருக்குதுன்னு நெனச்சனுங்க.”

சசிகலா மெதுவாகச் சொன்னாள்: “உன் கான்செப்ட் அவங்களுக்குப் புரிஞ்சிருச்சுடி.”

5
முடிவுகள் கைவசம் இரண்டு இருக்கின்றன.

மலர்விழி நாலு துண்டையும் மறுபடி தைத்து, மீன் வாசத்தோடு கண்ணாடிக்குள் நிறுத்துகிறாள். நோட்டீசில் ‘காவிரியின் மணத்துடன்’ என்று சேர்க்கிறாள். அல்லது, கண்ணாடியைக் காலியாக விட்டுவிட்டுச் சேலைக்கு ஓரம் அடிக்கிறாள். கடை நன்றாக ஓடுகிறது.

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஒன்று தோன்றினாலும் சரி, கதாசிரியருக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. மீன் தின்று முடித்ததும் மலர்விழி கை துடைத்தது, கடைக் கம்பில் தொங்கிய அந்த நீலத் துண்டில்தான்.

அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.