வாசலில் உட்கார்ந்த பூதம்

மானாம்பதி முனிரத்தினத்தின் படத்தை மாட்டிய வீட்டின் மேல் யார் கண் வைத்தாலும், அந்தக் கண் வீட்டுக்குப் போகாமல் முனிரத்தினத்தின் உடம்பில் வந்து இறங்கியது. போகிற போக்கில் வாய் பிளந்து பார்த்தால் கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு. வீட்டுக்காரரின் பங்காளி பார்த்தால் சீழ் வைக்கும். கூடப் பிறந்தவள் வயிறெரிந்து பார்த்துவிட்டுப் போனால் காய்ச்சலில் படுத்தே விடுவார். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் இது தெரியாதவர்கள் கிடையாது. "சாலவாக்கத்துல புச்சா ஒரு மாடி வூடு வந்துகீது, பாவம், அண்ணனுக்கு இந்த வாரம் முதுவுதான்" என்று டவுன் பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். அப்புறம் வெங்காய விலைக்குப் போய்விடுவார்கள்.

எல்லாம் அந்த மூஞ்சியால் வந்தது. வாலிபத்தில் வாலாஜாபாத் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் அவர். எந்த வாசலிலும் குனிந்து நுழைகிற உயரம், அகலத் தாடை, கோழிமுட்டைக் கண். தென்னேரி ஏரியில் பேய்ப்படம் எடுக்க வந்தவர்கள் வழியில் அவரைப் பார்த்துவிட்டு வேனை நிறுத்தினார்கள். ஏரித் தண்ணீரிலிருந்து எழுந்து வரும் பூதமாக நின்றார். அதற்குப் பிறகு ரத்தக்காட்டேரி, புதைகுழியிலிருந்து எழுந்த பிணம், பாழடைந்த பங்களாவின் காவல்காரப் பேய் என்று வரிசையாகப் படங்கள். எல்லாவற்றிலும் கடைசியில் கதாநாயகன் கையால் எரிந்தோ குத்துப்பட்டோ சாவார். போஸ்டரில் அவர் பெயர் இருக்காது, மூஞ்சி மட்டும் பெரிதாக இருக்கும். உத்திரமேரூர் கொட்டகையில் கதாநாயகனைவிட அவருக்குத்தான் விசில் ஜாஸ்தி. பூதம் செத்ததும் பாதிக் கொட்டகை எழுந்து வெளியே போய்விடும். சோறு தின்னாத பிள்ளைகளை "முனிரத்தினம் வரான் பாரு" என்று மிரட்டுவார்கள், அதே பிள்ளைகள் பகலில் "பல்லு காட்டு மாமா" என்று அவர் பின்னாலேயே ஓடும். நடவுக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அம்முலு அவரைக் கட்டிக்கொண்டதே படத்தில் பார்த்துப் பிடித்துப்போய்த்தான். கம்ப்யூட்டரில் பேய் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு ஆள் பூதத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஊருக்குத் திரும்பி வந்து காலனிக்காரர்களோடு ஏரி வேலைக்குப் போனார்.

அந்த நேரத்தில்தான் ஏரிக்கரை வரைக்கும் பிளாட் போட்டு வீடுகள் எழும்ப ஆரம்பித்தன. உத்திரமேரூர் பஜாரில் படங்களுக்குச் சட்டம் போட்டு விற்கிற தாமோதரன் சின்ன வயதில் முனிரத்தினத்தின் படம் ஒன்றையும் விடாதவர். கட்டுகிற வீட்டில் மாட்டும் திருஷ்டிப் படத்துக்கு வழக்கமான அரக்கன் மூஞ்சி எதற்கு, நம் ஊர் பூதமே இருக்கும்போது என்று யோசனை பண்ணி, அவருடைய பழைய போஸ்டரை வாங்கிப்போய் அச்சடித்தார். முனிரத்தினம் சந்தோஷமாகத்தான் கொடுத்தார். கீழே பெயர் போட்டிருந்தது, அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. வருஷம் திரும்புவதற்குள் வாலாஜாபாத்திலிருந்து மானாம்பதி வரைக்கும் மேஸ்திரிகள் செங்கல் இறக்குமுன்பே முனிரத்தினத்தை மாட்டச் சொன்னார்கள்.

உடம்பில் தடிப்புகள் வந்தபோது வேர்க்குரு என்றார்கள், ஆஸ்பத்திரியில் ஒவ்வாமை என்று மாத்திரை கொடுத்தார்கள். அம்முலு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் கமறாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வீட்டில் முறம் நிறைய மிளகாயைக் கொட்டிக் கொளுத்தினாலும் ஒரு தும்மல் வரவில்லை. பிறகு ஒரு நாள் சூறைக்காற்றில் அதே ஊர் மங்கம்மா வீட்டு மாடியிலிருந்த படம் பிய்த்துக்கொண்டு பறந்தது. அன்றைக்கே முனிரத்தினத்தின் தோளில் ஆறாமல் கிடந்த புண் காய்ந்து பக்குவிட்டது, மங்கம்மா வீட்டில் புது மோட்டார் புகைந்து போயிற்று. மறுநாள் மங்கம்மா அதே படத்தில் இன்னொன்று வாங்கி மாட்டினாள், புண் அதே இடத்தில் திறந்துகொண்டது. அம்முலுவுக்கு அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஊர் ஊராகப் போய்க் கேட்டாள். படத்தைக் கழற்றிவிடுங்கள், மனுஷன் உடம்பு தாங்கவில்லை என்றாள். ஒருவர்கூட அவளை விரட்டவில்லை, அதுதான் கொடுமை. உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், அவருக்கென்று இளநீர் சீவிக் கொடுத்தனுப்பினார்கள், அவர் நடித்த படங்களில் தங்களுக்குப் பிடித்த கட்டத்தைச் சொல்லிக் கண் கலங்கினார்கள். படத்தை மட்டும் கழற்றவில்லை. மங்கம்மாதான் வாயைத் திறந்து சொன்னாள். "ஒத்தப் படம் அம்முலு. எங்க வூட்டு ஒண்ணாலயா அண்ணன் சாவப் போறாரு?" மற்றவர்களும் அதையேதான் நினைத்தார்கள். அம்முலு இளநீரைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். வருகிற வழியெல்லாம் வீட்டுக்கு வீடு புருஷன் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்குவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஊர் மேல் வெறுப்பு வந்தது.

முனிரத்தினத்துக்கு அந்த வெறுப்பு வரவில்லை. "எத்தினி படத்துல வூட்டக் கொளுத்திக்கீறேன், கொயந்தைய தூக்கிக்கீறேன். இப்பதான் ஒருத்தன் வூட்ட காத்துக்கினு கீறேன். வுடுமே" என்றார். முதுகைச் சுவரில் சாய்க்க முடியாமல் குப்புறப் படுத்துக்கொண்டு சொன்னார்.

அவர்களுக்கு ஒரே மகள் சித்ரா. சாலவாக்கத்து ஆல்வினைக் கட்டிக்கொண்டு தகரக் கொட்டகையில் குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை கரு தங்காமல் போய் மூன்றாவதாகத் தங்கியபோது, மெயின் ரோட்டு ஓரமாகவே மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கினார்கள். காலனிக்குள்ளே கட்டியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ரோட்டு மேல், கிரானைட் படி வைத்து, கூலிக்காரன் மகள் கட்டுகிறாள் என்றதும் பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி முதல் நாளே முனிரத்தினத்தின் படத்தைக் கேட்டார். சித்ரா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். "எங்க நைனாவ ஆணியடிச்சி மாட்டிட்டு நான் உள்ள நிம்மதியா தூங்கணுமா?" என்றாள். ஆல்வின் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், இருந்தும் பூசணிக்காய் கட்டிப் பார்த்தான். கட்டிய பூசணிக்காய் அன்றைக்கே அழுகி ஒழுகியது. கான்கிரீட் விரிசல் விட்டது, சாரம் சரிந்து கொத்தனார் கால் பிசகினார். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்த வாரம் சித்ராவுக்குத் தீட்டு மாதிரி ரத்தம் பட்டது. டாக்டரம்மா அசையாமல் படுக்கச் சொன்னார்.

அதைக் கேள்விப்பட்ட அன்று முனிரத்தினம் எழுந்து உட்கார்ந்தார். "நம்ம பொண்ணு படந்தான வாணாம்னுது? நான் வாணாம்னு சொல்லலியே. என் சாமானெல்லாம் எடு அம்முலு, வேஷம் கட்டணும்" என்றார். அவர் என்ன செய்யப் போகிறார் என்பது அம்முலுவுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏதோ ஒரு ஊரில் தொங்குகிற காகிதத்தின் மேல் விழுகிற கண்ணே இந்தப் பாடு படுத்துகிறது. விசேஷ நாளில் கூடுகிற அத்தனை சனத்தின் கண்ணையும் நேரே மூஞ்சியில் வாங்கினால் ஆள் மிஞ்சமாட்டார். முடியாது என்றாள், பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போடுவேன் என்றாள், அழுதாள். "அது வயித்துல கீறது தங்கணுமா வாணாமா, அத்த சொல்லு" என்று மட்டும் அவர் கேட்டார். புருஷனா பேரக்குழந்தையா என்று எந்தப் பொம்பளையிடமும் கேட்கக் கூடாது. சித்ராவின் வெளிறிப்போன முகம்தான் அம்முலுவின் கண்ணுக்குள் நின்றது. போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

விசேஷத்தன்று காலையில் அவளே வேஷம் போட்டாள். கன்னத்தில் மாவும் கரியும் குழைத்துப் பூசினாள், புருவத்துக்குக் கறுப்புப் பஞ்சு ஒட்டினாள், அரக்கில் செய்த கோரைப் பல்லை மாட்டிவிட்டாள். புண் இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்து விரலை வைக்க வேண்டியிருந்தது. "வலிக்குதாய்யா?" என்று கேட்டாள். பல்லை மாட்டிய பிறகு அவரால் பேச முடியாது, தலையை மட்டும் ஆட்டினார். இந்த மூஞ்சியைப் பார்த்துத்தானே ஆசைப்பட்டோம் என்று நினைத்துக்கொண்டே ஒட்டிய புருவத்தை இன்னொரு தரம் அழுத்திவிட்டாள்.

ஆல்வினின் லோடு ஆட்டோவில் போய் இறங்கி, புது வீட்டு கேட் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உள்ளறையில் படுத்துக்கிடந்த சித்ராவிடம் இதை யாரும் சொல்லவில்லை. வந்தவர்கள் முதலில் வீட்டை அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்துக் கூவினார்கள். தாத்தாக்கள் கை கொடுத்தார்கள், பெண்கள் பிள்ளைகளை மடியில் உட்கார வைத்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தாமோதரன் மாலை போட்டார். மங்கம்மா டைல்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "அண்ணன் அப்பிடியேதான் கீறாரு" என்றாள். உள்ளே சித்ராவுக்கு விசேஷம் தொடங்கியதிலிருந்தே ரத்தம் நின்றுவிட்டது. வயிற்றில் குழந்தை புரண்டது என்று அவள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

முதல் பந்தி எழுந்த பிறகு அம்முலு பாயசம் கொண்டுபோய் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. கோழிமுட்டைக் கண் திறந்தபடியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. மடியில் ஒரு பெண் குழந்தை அவருடைய கோரைப் பல்லை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. குடி போகிற நாளில் வாசலில் பிணம் என்று ஒரு வாய் சொன்னால் போதும், அந்த வீட்டில் அப்புறம் விளக்கெரியாது, சித்ராவும் தாங்கமாட்டாள். அம்முலு டம்ளரை அவர் கையிலேயே பொருத்தி வைத்தாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவர் தோளோடு தோளை ஒட்டிச் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டாள். வந்தவர்களிடம் சாப்டியா, கொயம்பு நல்லா இருந்துதா, இன்னொரு வாட்டி வாங்க என்றெல்லாம் பேசினாள். அவரோடு இன்னும் எத்தனையோ பேர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எல்லாப் போட்டோவிலும் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

கடைசி ஆள் பஸ் ஏறிய பிறகு ஆல்வினைக் கூப்பிட்டுக் காதில் சொன்னாள். உட்கார்ந்தவாக்கிலேயே அவரை வண்டியில் ஏற்றினார்கள். மானாம்பதி போய்ச் சேர்ந்து, தன் வீட்டுப் படியைத் தாண்டி உள்ளே கிடத்திய பிறகுதான் அவள் தலைமயிரை அவிழ்த்துவிட்டுக் குரல் எடுத்தாள். அந்த அழுகை ஏரிக்கு அந்தாண்டை வரைக்கும் கேட்டது என்கிறார்கள். வேஷத்தைக் கழுவியபோது உள்ளே அத்தனை புண்ணில் ஒன்றின் வடுகூட இல்லை.

சாவுக்கு எல்லா ஊரும் வந்தது. சாவுக்குப் பிறகு படங்களைக் கழற்றுவார்கள் என்று அம்முலு எதிர்பார்த்தாள், கழற்றவில்லை. கழற்ற வேண்டிய அவசியமும் வரவில்லை, ஏனென்றால் கண்கள் இப்போது அவரைப் புதைத்த மேட்டில் இறங்குகின்றன. மழை பெய்து ஊறிக் கிடந்தாலும் அந்த மண் மட்டும் பாளம் பாளமாக வெடிக்கும். வாரத்தில் ஒரு நாள் அம்முலு மண்வெட்டியோடு போய் வெடிப்புகளை மூடி, காலால் மிதித்துச் சமப்படுத்துவாள். வழியில் பார்க்கிறவர்கள், "இன்னா அம்முலு, இந்த வாரம் எந்த ஊரு?" என்று கேட்பார்கள். "தென்னேரியாண்ட யாரோ மாடி எடுத்துக்கினு கீறாங்க போல, ஒரு மொயம் ஆயம் போயிருக்குது" என்று அவளும் சொல்வாள்.

சித்ராவுக்குப் பெண் பிறந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. அவள் வீட்டில் இன்றைக்கும் படம் கிடையாது, ஆனாலும் அன்றைக்கு வாசலில் உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று ஊர் சொல்கிறது. மகள் வீட்டைப் பார்த்த கண் எது என்று அம்முலுவுக்கு மேட்டைப் பார்த்ததும் தெரியும். அது தலைமாட்டில் மெல்லிய கோடாக வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் மட்டும் அவள் மண்வெட்டியை வைக்கமாட்டாள். கீழே உட்கார்ந்து, கையாலேயே மண்ணை நொறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி மூடுவாள். மூடிவிட்டு, ஓரத்து வேலங்காட்டில் விறகு பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.