முன்னோரின் இடியாப்ப உரல்

"முன்னோரா? போன பொங்கலுக்கு நான்தானே புழிஞ்சேன்! அதுக்குள்ள என்னை முன்னோர்ல சேத்துட்டீங்களா?"

கலைமணி போட்ட சத்தத்தில் கண்ணாடிப் பெட்டியே அதிர்ந்தது. உள்ளே, கையால் அழுத்திப் பிழியும் அவளுடைய மர இடியாப்ப உரல் சாதுவாக உட்கார்ந்திருந்தது. கீழே ஒரு அட்டை: 'நம் முன்னோர் பயன்படுத்திய இடியாப்ப உரல். நன்கொடை: நடனசபாபதி, முதுநகர்.'

நன்கொடையாளர் பக்கத்தில்தான் நின்றார். மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், சுவரில் மாட்டியிருந்த பழைய துறைமுகப் படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நாளை மகள் பூஜாவும் மாப்பிள்ளையும் மறுவீடு வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு முதல் இலையில் இந்த உரலில் பிழிந்த இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைப்பது கலைமணியின் புவனகிரி வீட்டு வழக்கம். நடனசபாபதிக்கு அவள் அம்மா பிழிந்து வைத்ததும் இதில்தான். மூன்று நாளாகத் தேடி, பரணில் இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "நல்லா உள்ள கைவிட்டுப் பாரு" என்று வேறு சொன்னார் இந்த மனிதர்!

ஊர்க்காரர்கள் சேர்ந்து பழைய கிடங்கில் அமைத்த அருங்காட்சியகம் இது. இருவரும் மீன் வாங்கப் போகிற வழியில், இதைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியம்மாள், "சார், உங்க பொருளு ஜம்முனு இருக்குது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டதால் குட்டு உடைந்தது.

"எங்கம்மா குடுத்ததுங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம..." கலைமணி கண்ணாடியைத் தடவினாள்.

நடனசபாபதி திரும்பிவிட்டார். "கேட்டா குடுத்திருப்பியா? பொங்கலுக்குப் புழிஞ்சிட்டு ஒரு வாரம் மணிக்கட்டுல தைலம் தேச்ச. தூக்கத்துல கூட முனகுன. இது இல்லன்னா, திருகுற ஸ்டீல் அச்சுக்கு மாறிடுவன்னு நெனச்சேன்."

அந்த முனகல் யார் காதிலும் விழவில்லை என்றல்லவா கலைமணி நினைத்திருந்தாள்!

"அதை வாயத் தெறந்து சொல்றதுக்கென்ன?"

"பயம்தான்."

ஆரோக்கியம்மாள் சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டாள். "அக்கா, பதிவேட்டுல ஏத்துனதைத் திருப்பித் தர எனக்கு அதிகாரம் இல்ல. ரெண்டு நாளைக்கு இரவல்னு எழுதித் தரேன். யாரு கையெழுத்து போடுறீங்க?"

"யாரு புழியப் போறாங்களோ அவுங்க" என்றாள் கலைமணி.

"நானா? மாப்பிள்ளை முன்னாடியா?"

"நல்லா பாக்கட்டும். நம்ம பூஜாவுக்கும் மணிக்கட்டு இருக்குல்ல?"

நடனசபாபதி கையெழுத்துப் போட்டார். கலைமணி அதே பேனாவை வாங்கி, அட்டையில் 'முன்னோர் பயன்படுத்திய' என்பதை அடித்துவிட்டு, 'கலைமணி வீட்டில் இன்றும் புழங்கும்' என்று எழுதினாள்.

கைக்குழந்தையைப் போல உரலை அணைத்துக்கொண்டு வெளியே வந்தவர் மெல்லக் கேட்டார்: "மாவாவது நீ பெசைஞ்சி தருவல்ல?"

"பாப்போம்" என்றாள், அவர் கையிலிருந்த மீன் பையை வாங்கிக்கொண்டு.